தீக்காயத்துக்கு ஐஸ் போதாதா? 20 நிமிடத் தண்ணீர் எதற்கு?

மார்ச் 3, இரவு 9:12 (கேள்வி)

நேற்று வெந்நீர் கொட்டி என் புறங்கை வெந்துவிட்டது. ஐஸ் கட்டியை எடுத்து வைத்து அழுத்தினேன். ஒரே நிமிடத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது. யாரைக் கேட்டாலும் குழாயைத் திறந்து 20 நிமிடம் காட்டு என்கிறார்கள். ஐஸ் ஒரு நிமிடத்தில் முடிக்கும் வேலைக்குத் தண்ணீர் எதற்கு 20 நிமிடம்? ஐஸ்தான் சரி என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10:40

எரிச்சல் அடங்கியது உண்மைதான். ஐஸ் நரம்பை மரத்துப்போக வைக்கும். காயம் அடங்கியதா என்பது வேறு கேள்வி.

வெந்த இடத்தை ஒரே காயமாகப் பார்க்கக் கூடாது. பர்மிங்காமில் பணியாற்றிய ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் 1953-இல் அதை மூன்று வளையங்களாகப் பிரித்து எழுதினார். நடுவில் இருப்பது முழுக்க வெந்துபோன பகுதி, அதை இனி யாரும் மீட்க முடியாது. வெளி வளையம் சிவந்திருக்கும், தானாக ஆறிவிடும். இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் ஊசலாடும் பகுதி. அங்கே இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கும், ஆனால் உயிர் இருக்கும். அடுத்த ஓரிரு நாளில் அது பிழைத்து வெளி வளையத்தோடு சேரலாம், செத்து நடுப்பகுதியோடும் சேரலாம். முதலுதவி என்று நாம் செய்வதெல்லாம் இந்த இடை வளையத்துக்காகத்தான்.

அதற்குத் தேவை இரத்தம். ஐஸ் வைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிற தோலுக்கு வருகிற கொஞ்ச இரத்தத்தையும் தடுக்கிறோம். போதாக்குறைக்கு, பனியே தோலைப் புண்ணாக்கும். வெந்த தோலுக்கு அதைத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு.

ஓடும் குழாய்த் தண்ணீர் அப்படியில்லை. சூட்டை இழுக்கும், இரத்தத்தை நிறுத்தாது.

மார்ச் 4, காலை 6:50

நேற்று பாடம் எடுப்பது போல எழுதிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு அப்போது 13 மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் வயது. மேடையிலிருந்து மின்சாரக் கெட்டிலின் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து எழுந்தாள். கெட்டில் அவள் மேலே வந்துவிட்டது. வலது கை, தோள், கொஞ்சம் மார்பு. நல்லவேளை, முகத்தில் படவில்லை.

உடனே சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைக் குழாயடியில் காட்டினேன். அம்மா பற்பசை ட்யூபோடு ஓடி வந்தார்கள். கணவர்தான் அதை வாங்கி வைத்துவிட்டு, "அத்தை, தண்ணீர் மட்டும்தான்" என்றார். அவர் வேலை செய்யும் இடத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சி மட்டும் இல்லையென்றால் நானே பூசியிருப்பேன்.

20 நிமிடம் என்று எழுதுவது சுலபம். வீறிட்டு அழும் குழந்தையின் கையை ஓடும் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நிற்பது சுலபமில்லை. நாம்தான் அவளை வதைக்கிறோம் என்று தோன்றும். அவள் முதுகை வளைத்துத் துள்ளினாள், என் முழங்கை வரை நனைந்து கை வழுக்கியது. "போதும், 20 நிமிஷம் ஆயிருக்கும்" என்று குழாயை மூடப் போனேன். கணவர் கைபேசியைக் காட்டினார். 6 நிமிடம்தான் ஆகியிருந்தது.

மார்ச் 4, காலை 7:05

அதனால் முதலில் டைமர். தண்ணீரைத் திறந்த கையோடு டைமரையும் போடுங்கள். மனசு சொல்லும் கணக்கை நம்பாதீர்கள்.

மார்ச் 4, மதியம் 1:30

"சூடு சில நிமிடத்தில் போய்விடுமே, மிச்ச நேரம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, எனக்கும் நெடுநாள் இருந்த சந்தேகம்.

சூட்டை எடுப்பது தண்ணீரின் ஒரு வேலைதான். வெந்த பிறகும் தோலுக்குள் வீக்கமும் அழற்சியும் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். குளிர்ச்சி அதையும் தணிக்கிறது. அதனால்தான் காயம் பட்டு 3 மணி நேரத்துக்குள் எப்போது ஆரம்பித்தாலும் பலன் உண்டு என்கிறார்கள். வெந்நீரின் சூடு அதற்குள் எப்போதோ போயிருக்கும், ஆனாலும் தண்ணீர் உதவுகிறது.

ஆஸ்திரேலியாவில் தீக்காயம் பட்ட 2,495 குழந்தைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் அச்சில் வந்தது. ஓடும் குளிர்ந்த நீரில் முழு 20 நிமிடம் காட்டப்பட்ட குழந்தைகளுக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. நாடுகளுக்கு நாடு வழிகாட்டுதல் கொஞ்சம் மாறும். 10 நிமிடம் என்று படித்தவர்களும் இருப்பீர்கள். முடிந்தால் 20 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 4, இரவு 9:20

ஒன்றைச் சொல்லாமல் விட்டது ஆபத்து. காயத்தைக் குளிர வையுங்கள், ஆளைக் குளிர வைக்காதீர்கள்.

பாப்பாவுக்கு 12-ஆவது நிமிடம் அழுகை விம்மலாகக் குறைந்தது. வலி குறைந்துவிட்டது என்று நிம்மதிப்பட்டேன். அப்புறம் பார்த்தால் கீழ் உதடு நடுங்குகிறது, பாதம் சில்லிட்டிருக்கிறது. அம்மா ஒரு துண்டால் காலையும் வயிற்றையும் சுற்றினார்கள், தலைக்கு இன்னொன்று. கை மட்டும் தண்ணீரில். நடுக்கம் நின்றது.

குழந்தையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி வைக்கக் கூடாது, ஷவரின் கீழே முழுசாக நிறுத்தவும் கூடாது. பெரிய காயம் என்றால் உடல் சூடு மளமளவென்று இறங்கிவிடும். போர்த்திய பிறகும் நடுங்கினால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை காட்டுவதுதான் முறை. தண்ணீருக்காக ஆம்புலன்ஸைத் தள்ளிப்போடுவது கூடாது. மூச்சு விடச் சிரமப்படுகிறவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் மூச்சு.

மார்ச் 5, காலை 8:15

திருத்தம். நேற்றுக் காலை நான் எழுதியதில் தவறு இருக்கிறது.

"உடனே சட்டையைக் கழற்றிவிட்டு" என்று எழுதியிருந்தேன். கணவர் படித்துவிட்டு, "இல்லையே, நீ சட்டையோடுதான் கையைக் காட்டினாய்" என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி. எட்டு வருடமாக என் மனசு அதை மாற்றி வைத்திருந்திருக்கிறது.

முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் எலாஸ்டிக். தண்ணீர் மேலே ஓடியது, ஆனால் எலாஸ்டிக்கின் சுருக்கங்களுக்குள் வெந்நீர் தேங்கி நின்றது. மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான் கழற்றினோம். தோளும் மார்பும் இரண்டு வாரத்தில் ஆறின. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை போல ஆழமாக வெந்திருந்தது.

அதனால் வரிசை இதுதான்: துணி, டயப்பர், காலுறை, வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் முதலில் வெளியே. துணி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டயப்பர் இன்னும் மோசம். மோதிரத்தை வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்கக் கூடாது. அதைச் சுற்றி வெட்டிவிட்டு, ஒட்டிய துண்டை அப்படியே விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மார்ச் 5, காலை 11:00

கேள்வி கேட்டவருக்கு: இன்று புறங்கை எப்படி இருக்கிறது? கொப்புளம் வந்திருந்தால் உடைக்காதீர்கள்.

மார்ச் 5, மாலை 5:45

உங்கள் பதிலைப் பார்த்தேன். ஓரத்தில் கொப்புளம், நடுவில் வெளிறிய ஒரு திட்டு, அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லை, "வலியே இல்லை, அதனால் நல்லதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

தயவுசெய்து இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நாளைக்கு வேண்டாம். தீக்காயத்தில் வலி இருப்பது ஒருவகையில் நல்ல அறிகுறி. மேலோட்டமான காயம்தான் தீயாய் எரியும். ஆழமாக வெந்தால் நரம்பு நுனிகளே போய்விடும். வெளிறி, மரத்து, அழுத்தினால் நிறம் மாறாமல் இருக்கிற இடத்தைச் சும்மா விடக் கூடாது. அது வெந்நீரால் வந்ததா, ஐஸை அழுத்தியதால் வந்ததா என்று நாம் இங்கே பேசி முடிவு செய்ய முடியாது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் யோசித்துக்கொண்டு போங்கள்.

மார்ச் 5, இரவு 10:10

எந்தக் காயத்துக்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு ஓட வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி சொல்கிறேன்.

கைக்குழந்தை, வயதானவர், கர்ப்பிணி என்றால் சின்னதாக இருந்தாலும் காட்டுங்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகள், அல்லது கை காலைச் சுற்றி வளையமாக வெந்திருந்தால் அளவு பார்க்காமல் போங்கள். மின்சாரம், ரசாயனம் பட்டதும் அப்படித்தான். மற்றபடி உள்ளங்கை அளவைவிடப் பெரியது எல்லாம் டாக்டருக்கு. உங்கள் உள்ளங்கையை வைத்து, விரல்களோடு சேர்த்துப் பாருங்கள், அது உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம்.

மார்ச் 5, இரவு 10:25

"உங்கள் உள்ளங்கை" என்று எழுதியது தப்பு. காயம் பட்டவருடைய உள்ளங்கை. குழந்தையின் காயத்தை அம்மாவின் கையால் அளந்தால் பாதிக்கும் கீழே கணக்கு வந்து நிற்கும்.

மார்ச் 6, காலை 7:30

பற்பசை, வெண்ணெய், மை, மாவு. இவை எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளேயே மூடி வைக்கும், கிருமிக்கு வழி விடும், அப்புறம் டாக்டர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் காயத்தையே பார்க்க வேண்டும். அந்தச் சுரண்டலின் வலி இருக்கிறதே.

ஆனால் பூசிவிட்டு வருகிறவர்களை யாரும் திட்டாதீர்கள். மருத்துவமனைகளே ஒரு காலத்தில் பூசியிருக்கின்றன. 1925-இல் டெட்ராய்ட்டில் டேவிட்சன் என்ற டாக்டர், தோல் பதனிட உதவும் டானிக் அமிலத்தைத் தீக்காயத்தின் மேல் போடும் முறையைக் கொண்டுவந்தார். காயத்தின் மேல் பழுப்பாக ஓடு கட்டிக்கொள்ளும். பல நாடுகளுக்கு அது பரவியது. அப்புறம் கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1940-களில் கைவிட்டார்கள். வெந்த இடத்தில் எதையாவது பூச வேண்டும் என்ற பதற்றம் எல்லோருக்கும் வருவதுதான். என் அம்மா இன்றைக்கும் அந்த ட்யூபை நினைத்து வருத்தப்படுகிறார்கள். பூசவே இல்லையே அம்மா என்றாலும் கேட்பதில்லை.

மார்ச் 6, காலை 7:55

தண்ணீருக்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை, இல்லையா? சமையலறையில் பாத்திரங்களை மூடும் மெல்லிய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், க்ளிங் ஃபிலிம். சுருளின் முதல் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு அடுத்ததை எடுங்கள். காயத்தின் மேல் நீளவாக்கில் படர விடுங்கள், கையைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், வீங்கும்போது நெரிக்கும். ஒட்டாது, காற்றுப் படாததால் எரிச்சலும் குறையும், டாக்டர் பிரிக்காமலே பார்க்கலாம். இல்லையென்றால் சுத்தமான பருத்தித் துணி போதும். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 6, இரவு 8:40

தலைப்பிலிருந்து விலகுகிறேன், ஆனால் கேட்டிருக்கிறார்கள்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வீசியடிக்கும். அடுப்பை அணையுங்கள், மூடியால் மூடுங்கள், வாணலியைத் தூக்காதீர்கள்.

மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்ச். வெளியே பொட்டு மாதிரிதான் காயம் தெரியும். உள்ளே தசையும் இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம், அதனால் கட்டாயம் மருத்துவமனை.

ரசாயனத் தூள் பட்டால் முதலில் உலர்ந்தபடியே தட்டித் துடைத்துவிட்டு அப்புறம் தண்ணீர், இங்கே 20 நிமிடத்துக்கு மேலும் ஓடட்டும். கண்ணில் பட்டாலும் தண்ணீர்தான், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கண்ணில் வழியாதபடி.

மூடிய அறையில் தீயில் மாட்டியவர் வெளியே வந்து நன்றாகப் பேசினாலும் விட்டுவிடாதீர்கள். மூக்கு முடி கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி வருகிறதா, குரல் கம்முகிறதா என்று பாருங்கள். மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிக்கொண்டு வரும். இது காத்திருக்கிற விஷயமே இல்லை.

மார்ச் 7, காலை 6:40

வெந்நீர் பற்றி. 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் எந்தச் சூட்டில் எத்தனை நேரத்தில் தோல் வேகும் என்று அளந்து வைத்தார்கள். 60 டிகிரி செல்சியஸ் என்றால் பெரியவர் தோலுக்கே சுமார் 5 நொடி போதும். 49 டிகிரியில் பல நிமிடம் ஆகும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். 60 டிகிரி கொதிநிலைக்கு எவ்வளவு கீழே என்று பாருங்கள். ஆவி பறக்காத தண்ணீர்கூடப் போதும்.

வீட்டு ஹீட்டரை 49-க்கு இறக்கி வையுங்கள்.

மார்ச் 7, மாலை 4:00

காலையில் அவசரப்பட்டுவிட்டேன். தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய ஹீட்டர் என்றால் அவ்வளவு எளிதில்லை. 20 முதல் 45 டிகிரி வரையான தேங்கிய நீரில் லீஜியனெல்லா என்ற நுரையீரல் கிருமி வளரும். தொட்டியின் சூட்டை ரொம்ப இறக்கினால் அதற்கு இடம் கொடுத்தது போல ஆகிவிடும். தொட்டியில் 60 டிகிரியில் வைத்து, குழாய்க்கு வரும் இடத்தில் குளிர்ந்த நீரைக் கலக்கும் வால்வைப் பொருத்துவதுதான் இரண்டுக்கும் பொருந்தும் வழி. முடியாதவர்கள், குழந்தையின் வாளியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர் என்று பழகிக்கொள்ளுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

மார்ச் 8, இரவு 9:30

தோல் ஒட்டு அறுவை பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

பாப்பாவின் மணிக்கட்டை டாக்டர் இரண்டு வாரத்துக்கு மேல் பார்த்தார். அதற்குள் தானாக மூடிவிட்டால் தழும்பு அதிகம் இருக்காது, மூன்று வாரம் தாண்டினால் தடித்து இழுத்துக்கொள்ளும் என்றார். மற்ற இடமெல்லாம் ரோஜா நிறத்துக்கு வந்தது. அந்தப் பட்டை மட்டும் மெழுகு மாதிரி வெள்ளையாகவே இருந்தது. தொடையிலிருந்து காகிதம் போல மெல்லிய தோலைச் சீவி எடுத்து அங்கே வைத்தார்கள். வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. சீராய்ப்பு மாதிரி, நரம்பு நுனியெல்லாம் திறந்து கிடக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரிய, ஆழமான காயங்களில் இப்படிக் காத்திருப்பதில்லை. ஸ்லோவேனியாவின் மாரிபோரில் இருந்த ஸோரா யான்ஷெகோவிச் என்ற அறுவை மருத்துவர், வெந்த தோலை முதல் சில நாட்களிலேயே இரத்தம் கசியும் வரை அடுக்கடுக்காகச் சீவிவிட்டு உடனே தோல் ஒட்டும் முறையை 1970-இல் எழுதினார். அதற்கு முன்பு செத்த தோல் தானாக உரியட்டும் என்று வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள், அதற்குள் கிருமி புகுந்துவிடும்.

இன்னொன்று. காயம் பட்ட மணியைக் குறித்து வையுங்கள். பெரிய காயத்துக்கு முதல் 24 மணி நேரத்தில் எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றுவது என்று கணக்குப் போடுவார்கள். அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் காயம் பட்டதிலிருந்து தொடங்குகிறது, மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து இல்லை.

மார்ச் 9, காலை 10:05

கேள்வி கேட்டவர் டாக்டரிடம் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங், பத்து நாளில் மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம், ஊசியும் போட்டாயிற்றாம். படித்ததும் மனசு லேசானது. விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள் தம்பி, வலிக்கிறது என்று கையை அப்படியே வைத்துவிடாதீர்கள். புறங்கைத் தோல் சுருங்கிப் பிடித்துக்கொண்டால் முஷ்டி பிடிக்க முடியாமல் போகும்.

மார்ச் 9, இரவு 9:50

பாப்பாவுக்கு இப்போது ஒன்பது வயது. ஒட்டிய தோல் மற்றத் தோல் வளரும் வேகத்துக்கு வளராது. அதனால் தினமும் படுக்கும் முன் மணிக்கட்டைப் பின்னால் வளைத்து முப்பது எண்ண வேண்டும், பிறகு களிம்பு தடவ வேண்டும். இத்தனை நாள் நான்தான் எண்ணுவேன். இன்று நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அவளே கையை மேஜையில் வைத்து அழுத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள். இருபத்தி நான்கில் வேகமாகப் போகிறாள் என்று நினைக்கிறேன், டைமரைப் போடப் போகிறேன்.